அவை கூடும் நாட்களில் தொகுதி மக்கள் வேலை: எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு முழு வழிகாட்டி

கடலூர் மாவட்டத்தில் ஒரு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் மனு வாங்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். இப்போது அந்த மேசைக்குப் புதிதாக வருபவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிறேன். வருகிற எல்லோருக்கும் ஆர்வம் இருக்கிறது, ஓடியாடி உழைக்கிறார்கள். தடுமாறுவது மட்டும் ஒரே இடத்தில்தான். சென்னையில் சட்டமன்ற அவை கூடிய பிறகே மனுக்கட்டைப் பிரிக்கிறார்கள். அதற்குள் அந்த மனுவுக்கு நடந்திருக்க வேண்டிய பாதி வேலைக்குக் காலம் கடந்துவிடும்.

ஒரு கோரிக்கை அவையில் எழுவதற்கு முன்னால், கீழே மாவட்டத்தில் அதற்கு ஒரு கோப்பு பிறந்திருக்க வேண்டும். கோப்பு இல்லாமல் கேட்டால் அமைச்சரிடமிருந்து வரும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "அத்தகைய கருத்துரு (முன்மொழிவு) எதுவும் தற்போது அரசின் பரிசீலனையில் இல்லை." கீழே உள்ள படிகளின் வரிசை முழுவதும் அந்தப் பதிலைத் தவிர்ப்பதற்காகத்தான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு கோரிக்கையைக் கடைசி வரை கொண்டுபோகிறேன். பரவனாற்றங்கரையில் ஒரு ஊர். ஊருக்குப் போகும் வழியில் தரைப்பாலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடும். பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போக முடியாது, 108 வண்டி இந்தப் பக்கம் வர முடியாது. உயர்மட்டப் பாலம் வேண்டும் என்று கேட்கிறார்கள்.

மனு கொடுக்க வருபவர்களும் இதைப் படிக்கலாம். மேசைக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், எதைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு மனுப் பதிவேடு. வரிசை எண், தேதி, ஊர், மனுதாரர் பெயர், கைப்பேசி எண், துறை, எங்கே அனுப்பினோம், பதில் என்ன என்று எட்டுப் பத்திகள் போதும். கணினியில் வைத்தாலும் நோட்டில் வைத்தாலும் சரி, ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் எழுத ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் இரண்டும் பொருந்தாமல் போகும்.

இரண்டாவது, தொகுதியின் ஊராட்சி வாரியான வரைபடம். மூன்றாவது, துறை வாரியாக மாவட்ட அலுவலர்களின் பட்டியல். கோட்டப் பொறியாளர், பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்), தாசில்தார், ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்), டி.ஆர்.டி.ஏ. (மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை) திட்ட இயக்குநர் எல்லோரும் அதில் இருக்க வேண்டும். அலுவலர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் பெயரைவிடப் பதவியும் அலுவலகத் தொலைபேசியும் முக்கியம்.

நான்காவது, சென்ற ஆண்டின் கொள்கை விளக்கக் குறிப்புகள். மானியக் கோரிக்கை, அதாவது துறைகளின் ஆண்டுச் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்பது, வரும்போது ஒவ்வொரு துறையும் இதை அவையில் வைக்கும், அரசு இணையதளத்திலும் கிடைக்கும். எந்தத் திட்டத்தில் எதற்குப் பணம் இருக்கிறது என்பது அதில்தான் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் யாரும் இதைப் படிப்பதில்லை. நம் தொகுதிக்கு வேண்டிய ஐந்தாறு துறைகளின் குறிப்புகளையாவது படித்துவிடுங்கள்.

2. மனுவை வாங்கியவுடன் பிரித்துவிடுங்கள்

மனு வந்த அன்றே மூன்றாகப் பிரிக்க வேண்டும். தனிமனிதர் குறை ஒரு கட்டு, ஊர்ப் பொதுக் கோரிக்கை ஒரு கட்டு, மாநில அரசின் கையில் இல்லாதது ஒரு கட்டு.

தனிமனிதர் குறைக்கும் சட்டமன்றக் கூட்டத்தொடருக்கும் சம்பந்தமே இல்லை. முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், ரேஷன் அட்டை, முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு எல்லாம் தாலுகா அலுவலகத்திலும் கலெக்டர் ஆபீஸிலும் முடிகிற வேலைகள். எம்.எல்.ஏ. சென்னையில் இருக்கிறார், வந்ததும் பார்க்கலாம் என்று அந்த மனுவை வைத்துக்கொள்வது பெரிய தவறு. மாதாமாதம் வரும் உதவித்தொகையை நம்பியிருக்கும் பாட்டிக்கு இரண்டு மாதத் தாமதம் என்பது இரண்டு மாத மருந்து. அன்றைக்கே சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தாருக்குக் கடிதம் தயாரித்து, நகலை அவர் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள்.

மருத்துவ உதவி கேட்டு வருபவர்களை ஒரு நிமிடம்கூட வரிசையில் நிறுத்தாதீர்கள். காப்பீட்டு அட்டை இருக்கிறதா, குடும்ப ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ.விடம் அப்போதே பேசுங்கள். புதுச்சேரி ஜிப்மருக்குப் போக எம்.எல்.ஏ. கடிதம் வேண்டும் என்று பலர் நம்பிக் காத்திருக்கிறார்கள். அது மத்திய அரசு நிறுவனம், நம் கடிதத்துக்காகக் காத்திருந்து நோயாளியின் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது கட்டில் நம் மாவட்டத்தில் நிறைய சேரும். ரயில் நிறுத்தம், ரயில்வே கேட், விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர் வழியாக நாகப்பட்டினம் போகும் தேசிய நெடுஞ்சாலை, நெய்வேலி என்.எல்.சி.யின் வேலைவாய்ப்பு ஆகியவை மத்திய அரசின் கையில் இருப்பவை. இவற்றை மக்களவை உறுப்பினருக்கு அனுப்ப வேண்டும். எந்த உறுப்பினர் என்பதிலும் தவறு நடக்கிறது. திட்டக்குடி, விருத்தாசலம், நெய்வேலி, பண்ருட்டி, கடலூர், குறிஞ்சிப்பாடி ஆறும் கடலூர் மக்களவைத் தொகுதி. புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் மூன்றும் சிதம்பரம் மக்களவைத் தொகுதி.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. என்.எல்.சி.யின் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுப்பது மத்திய நிறுவனத்துக்காக என்றாலும், நில எடுப்பு நடவடிக்கையை நடத்துவது மாநில வருவாய்த் துறையின் அலகு. அதனால் இழப்பீடு, மீள்குடியேற்றம் பற்றிய மனுவை "மத்திய அரசு" என்று எழுதி மொத்தமாகத் தள்ளிவிடக் கூடாது. வருவாய்த் துறை சம்பந்தப்பட்ட பகுதியைப் பிரித்தெடுத்தால் அதை நம் அவையில் கேட்கலாம்.

3. அந்த இடம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். நானும் விழுந்திருக்கிறேன். முதல் வருடம் ஒரு சாலைக்காகக் கடிதம் எழுதினேன், தலைமைப் பொறியாளர் வரை போனது, மாதங்கள் ஓடின. கடைசியில் "மேற்கண்ட சாலை இத்துறையின் பராமரிப்பில் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதற்குள் அந்த ஆண்டின் கூட்டத்தொடர் முடிந்துவிட்டது. ஊர்க்காரர்கள் இன்னொரு மழையையும் அந்தச் சேற்றிலேயே நடந்து கழித்தார்கள். தார்ச் சாலை என்று பார்த்ததும் நெடுஞ்சாலைத் துறை என்று எழுதிவிட்டேன், யாரையும் கேட்கவில்லை.

சாலை என்றால் இப்படிப் பாருங்கள். மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதர சாலை மூன்றும் நெடுஞ்சாலைத் துறையுடையவை. ஊராட்சி ஒன்றியச் சாலையும் ஊராட்சிச் சாலையும் ஊரக வளர்ச்சித் துறையுடையவை. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பி.டி.ஓ. அலுவலகத்தில் ஒன்றியப் பொறியாளரிடம் சாலைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஏரி என்றால் பாசனப் பரப்பைப் பாருங்கள். 40 ஹெக்டேருக்குக் குறைவாகப் பாசனம் தரும் ஏரி பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. வீராணம், பெருமாள் ஏரி போன்ற பெரியவை நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. மருத்துவமனையிலும் இதே கதைதான். ஆரம்ப சுகாதார நிலையம் ஒரு இயக்ககத்தின் கீழ், தாலுகா மருத்துவமனை இன்னொரு இயக்ககத்தின் கீழ் வரும்.

நம் தரைப்பாலத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சாலை ஒரு துறை, ஆறு இன்னொரு துறை. சாலை யாருடையதோ அவர்கள்தான் பாலம் கட்டுவார்கள், ஆனால் ஆற்றின் குறுக்கே கட்ட நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். இரண்டு அலுவலகத்துக்கும் முதலிலேயே நகல் போகாவிட்டால், பிற்பாடு ஒருவர் கோப்பு இன்னொருவருக்காகக் காத்துக் கிடக்கும்.

கடலூருக்கு வடக்கே எல்லை ஊர்களில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாகூர் பக்கம் புதுச்சேரி ஊர்களும் தமிழ்நாட்டு ஊர்களும் பின்னிக் கிடக்கின்றன. ஒரே தெருவின் ஒரு முனை நம்முடையது, மறுமுனை அவர்களுடையது என்று இருக்கும். சர்வே எண்ணைப் பார்க்காமல் மனு வாங்காதீர்கள். புதுச்சேரிக்கு 30 தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் கொண்ட தனிச் சட்டமன்றம் இருக்கிறது, அங்கே கோப்பு துணைநிலை ஆளுநர் வரை போகும். நம் தலைமைச் செயலகமான கோட்டைக்கு அனுப்பிய மனு அங்கே போய்ச் சேராது.

4. உள்ளூரில் காகிதத்தை உருவாக்குங்கள்

இடம் யாருடையது என்று தெரிந்தபின், கோப்பு பிறக்க வேண்டும். வருடத்தின் ஓட்டத்தைப் பார்த்தால் எது எப்போது என்பது தெளிவாகும். வரவுசெலவுத் திட்டமும் அதையடுத்த மானியக் கோரிக்கைகளும் வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில் தொடங்கும். பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடுவது நவம்பரில். பங்குனி வெயிலில் காய்ந்து கிடக்கும் ஆற்றைப் படம் பிடித்து அனுப்பினால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

அதனால் நவம்பரிலேயே ஊர்க்காரர்களிடம் சொல்லி வையுங்கள். தண்ணீர் ஓடும்போது தேதி தெரியும்படி படம் எடுக்கட்டும், எத்தனை நாள் வழி அடைபட்டது என்று ஒரு நோட்டில் எழுதட்டும். பள்ளியில் அந்த நாட்களின் வருகைக் கணக்கைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கட்டும். "மழைக்காலத்தில் சிரமப்படுகிறோம்" என்ற வரியைப் பொறியாளர் தினமும் படிக்கிறார். "இத்தனை நாள், இத்தனை பிள்ளைகள்" என்ற வரியைத்தான் அவர் தன் குறிப்பில் எடுத்து எழுதுவார்.

அடுத்தது கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. மார்ச் கூட்டத்தொடருக்கு வேண்டிய தீர்மானம் ஜனவரி 26க்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும். தீர்மான நோட்டில் கோரிக்கை சரியான சொற்களில் பதிவானதா என்று பார்த்துவிட்டு எழுந்து வாருங்கள். "பாலம் பற்றி விவாதிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால் அது தீர்மானமே இல்லை.

அந்தத் தீர்மான நகலோடு ஊர்க்காரர்கள் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கட்டும். அதே வாரம் எம்.எல்.ஏ.வின் கடிதம் கலெக்டருக்கும் சம்பந்தப்பட்ட பொறியாளருக்கும் போகட்டும். பத்துப் பதினைந்து நாள் கழித்து அலுவலகத்துக்கே போய் ந.க. எண் (கோப்பு எண்) கேட்டு வாங்குங்கள். இந்த எண் இல்லாமல் மேலே எந்தக் கேள்வியும் கேட்க முடியாது, ஏனென்றால் சென்னையில் இருப்பவருக்கு உங்கள் ஊர்ப் பெயரைவிட அந்த எண்தான் கோப்பைக் காட்டும்.

ஒரு முறை ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "தம்பி, மூணு வருஷமா மனு குடுக்கிறோம், ஒண்ணும் வரலியே?" அவர் பையில் மூன்று வருட மனுக்களின் நகல் இருந்தது. ஒன்றில்கூட எண் இல்லை. பெற்றுக்கொண்டதற்கு முத்திரை இல்லை. அவர் மேல் என்ன தவறு சொல்ல முடியும்? ரசீது கேட்டு வாங்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து என் மேசைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால், ஊர்க்காரர் ஒருவர் பெயரில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடலாம். பதிலுக்குச் சட்டம் தரும் காலம் 30 நாள். எனவே அவை கூடுவதற்கு ஒன்றரை மாதம் முன்பாவது போட்டுவிடுங்கள்.

5. எந்த வழியில் அவைக்குக் கொண்டுபோவது?

புதியவர்கள் எல்லாக் கோரிக்கையையும் "ஐயா அவையில பேசணும்" என்று ஒரே வாக்கியத்தில் கேட்கிறார்கள். பேசுவதற்குப் பல வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் பயனும் வேறு.

வினா. அவையின் முதல் ஒரு மணி நேரம் வினாக்களுக்கு உரியது. நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்வார், துணை வினா கேட்கலாம். குறியிடாத வினாவுக்கு எழுத்தில் பதில் வரும். கொடுத்த வினா எல்லாம் அவைக்கு வந்துவிடாது. பேரவைத் தலைவர் அனுமதிக்க வேண்டும், பட்டியலில் இடம் வர வேண்டும், அந்த ஒரு மணி நேரத்துக்குள் முறையும் வர வேண்டும்.

அப்படியிருந்தும் பாலம் போன்ற கோரிக்கைக்கு நான் வினாவைத்தான் முதலில் சொல்வேன். வினா அனுமதிக்கப்பட்டாலே துறை மாவட்டத்திடம் விவரம் கேட்கும். மாவட்டம் கோப்பைத் தேடி எடுக்கும். பல மாதம் அலமாரியில் இருந்த கருத்துருவுக்காக உதவிப் பொறியாளர் டேப்போடு ஆற்றங்கரைக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வினா கடைசி வரை அவையில் கேட்கப்படவே இல்லை.

மானியக் கோரிக்கை விவாதம். ஒவ்வொரு துறைக்கும் ஒரு நாள், ஒரு எண். நெடுஞ்சாலைகள் 21, நீர்வளம் 40, ஊரக வளர்ச்சி 42, பள்ளிக் கல்வி 43. அன்று உறுப்பினருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் அந்தத் துறை சார்ந்த தொகுதிக் கோரிக்கைகளை அடுக்கலாம். எதிர்க்கட்சி உறுப்பினர் என்றால், துறை கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானமும் கொடுப்பார். அது தோற்றாலும் கோரிக்கை பதிவாகும்.

கவன ஈர்ப்பு. அவசரமான பொது விஷயத்துக்கு மட்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையாலும் சாத்தனூர் அணை நீராலும் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. அடுத்த வாரமே, டிசம்பர் 9இல், அவை கூடியது. அப்படிப்பட்ட நேரத்துக்கு உரியது இது. இருபது வருடமாக இருக்கும் தரைப்பாலத்தை அவசரம் என்று எழுதினால் நிற்காது.

மனுக்கள் குழு. இது மக்களே நேரடியாகப் பயன்படுத்தக்கூடிய வழி, ஆனால் பலருக்குத் தெரிவதில்லை. பேரவையின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும். வருவதற்கு முன் செய்தி வெளியிட்டு மனு கேட்கும். தமிழில் ஐந்து நகல், மனுதாரர் கையெழுத்தோடு, குழுத் தலைவருக்கு, சென்னை 600 009 முகவரிக்கு அனுப்ப வேண்டும். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்கலாம். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. தனிநபர் குறை, நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு, வேலைவாய்ப்பு, பட்டா, முதியோர் ஓய்வூதியம், கடன் கேட்பது, அரசு ஊழியர்மீது புகார் எதையும் ஏற்க மாட்டார்கள். இதில் "ஒரு பிரச்சினை, ஒரு துறை" என்ற விதியை எல்லாக் கடிதத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

தொகுதி மேம்பாட்டு நிதி. ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், கலெக்டர் ஒப்புதலோடு டி.ஆர்.டி.ஏ. வழியாக நடக்கும். அங்கன்வாடிக் கட்டடம், சிறுபாலம், குடிநீர்த் தொட்டி என்று நூறு ஊருக்கும் அதிலிருந்துதான் பார்க்க வேண்டும். உயர்மட்டப் பாலம் ஒன்றே பல கோடி கேட்கும், அதனால் நம் ஊர்க்காரர்களுக்கு இதில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். கொடுக்க முடியாததை முதல் நாளே சொல்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

110 விதி அறிவிப்பு பற்றியும் கேட்பார்கள். அது அரசுத் தரப்பில், பெரும்பாலும் முதலமைச்சர், படிப்பது. விவாதம் கிடையாது. உறுப்பினர் நோட்டீஸ் கொடுத்து வாங்கும் வழி இல்லை அது.

6. வினாவை எழுதும் விதம்

தவறான வினா இப்படி இருக்கும்: "கடலூர் மாவட்டத்தில் பழுதடைந்த பாலங்கள், சாலைகள், குடிநீர்த் தொட்டிகளைச் சீரமைக்க அரசு ஆவன செய்யுமா?" இதற்கு "தேவையின் அடிப்படையில் படிப்படியாகச் சீரமைக்கப்பட்டு வருகின்றன" என்று பதில் வரும். அதில் தவறு சொல்ல முடியாது, கேள்வி அப்படி.

சரியான வினாவில் இடம், பொருள், கோப்பு மூன்றும் இருக்கும். "குறிஞ்சிப்பாடி வட்டம், இன்ன ஊராட்சியில் பரவனாற்றின் குறுக்கே உள்ள தரைப்பாலத்துக்குப் பதிலாக உயர்மட்டப் பாலம் அமைக்க மாவட்ட நிர்வாகம் அனுப்பிய கருத்துருவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன? பணி எப்போது தொடங்கப்படும்?" இதற்கு மழுப்பலாகப் பதில் எழுதுவது கடினம்.

வினாவில் வாதம் செய்யாதீர்கள். யார்மீதும் குற்றம் சுமத்தாதீர்கள். நீதிமன்றத்தில் இருக்கும் விஷயமா என்று ஊர்க்காரர்களிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். பாலத்துக்கான இடத்தில் பட்டா நிலத் தகராறு வழக்கு ஒன்று இருந்தால் வினாவே தள்ளுபடியாகும்.

7. ஒரு பக்கக் குறிப்பு

உறுப்பினர் கையில் இருக்க வேண்டியது ஒரே ஒரு பக்கம். மேலே ஊர், வட்டம், துறை, ந.க. எண். அடுத்து மூன்று வரியில் பிரச்சினை. அடுத்து இதுவரை நடந்தவை தேதியோடு. கடைசியில் நாம் கேட்பது ஒரே வரியில். எழுத்து பெரிதாக இருக்கட்டும். நின்றுகொண்டே படிக்க வேண்டியது அது.

அதன் பின்புறம் துணை வினாக்கள் இரண்டு. அமைச்சர் என்ன பதில் சொல்லக்கூடும் என்று ஊகித்து எழுதுங்கள். "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று வந்தால்: நபார்டு (ஊரக வளர்ச்சி வங்கி) நிதியில் எடுக்கப்படும் பாலங்களின் பட்டியலில் இதைச் சேர்க்க அரசு முன்வருமா? "மதிப்பீடு தயாரிக்கப்பட்டு வருகிறது" என்று வந்தால்: அடுத்த பருவமழைக்கு முன் முடியுமா, அதுவரை பிள்ளைகளுக்கு மாற்று ஏற்பாடு என்ன? கொள்கை விளக்கக் குறிப்பைப் படித்திருந்தால்தான் அந்த நபார்டு கேள்வி உங்களுக்கு வரும்.

இருபது பக்க இணைப்பை நம்பாதீர்கள். இணைப்புகளைத் தனிக் கோப்பாக வைத்து, சென்னையில் இருக்கும் உதவியாளரிடம் கொடுத்துவிடுங்கள். நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் செய்து, கோப்பின் பெயரிலேயே ஊரையும் துறையையும் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் சாய்வாகப் பிடித்த படங்களை அனுப்பிவிட்டு, அவசரத்தில் எதுவும் கிடைக்காமல் தவித்த நாட்கள் உண்டு.

8. மானியக் கோரிக்கைக்கு முந்தின வாரம்

எந்தத் துறை எந்த நாள் என்பதைப் பேரவையின் அலுவல் ஆய்வுக் குழு முடிவுசெய்யும், பட்டியல் வெளிவரும். வந்த அன்றே சுவரில் ஒட்டி, நம் கோரிக்கைகளை அந்தந்த நாளின் கீழே எழுதுங்கள். கடலோர ஊர்களுக்கு ஒரு கவனம்: மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கிவிடும். மீன்வளத் துறையின் நாள் அதற்கு முன்னா பின்னா என்று பார்த்து நிவாரணம் பற்றிய குறிப்பைத் தயாரிக்க வேண்டும்.

ஒரு துறைக்கு ஐந்து கோரிக்கைக்கு மேல் எழுதாதீர்கள். முதல் இரண்டை மட்டும் விளக்கமாகவும், மற்றதை ஊர்ப் பெயரோடு ஒரு வரியாகவும் எழுதுங்கள். பேச்சு நேரம் முடிந்து மணி அடிக்கும் முன் முக்கியமானது முடிந்திருக்க வேண்டும். எதை முதலில் வைப்பது என்று கட்சிக்காரர்கள் அழுத்தம் கொடுப்பார்கள். என் அளவுகோல் எளிது: எந்த ஊருக்கு வேறு வழியே இல்லையோ அது முதலில். நம் ஆற்றங்கரை ஊருக்கு மாற்றுப் பாதை கிடையாது. அதனால்தான் அது முதலில் வந்தது.

விவாத நாளன்று அந்தத் துறையின் செயலாளரும் தலைமைப் பொறியாளர்களும் கோட்டையில்தான் இருப்பார்கள். அவை முடிந்ததும் உறுப்பினர் அமைச்சரிடம் நேரில் கொடுக்க ஒரு கடிதம் தயாராக இருக்கட்டும். பேச்சில் சொன்ன அதே ஐந்தும் அதில் இருக்க வேண்டும், புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். கடிதம் கொடுத்த மறுநாளே அமைச்சர் அலுவலகத்தில் அதற்கு எண் வாங்கிவிடுங்கள்.

9. அவை நாட்களில் அன்றாட ஒழுங்கு

ஒருவர் சென்னையில், ஒருவர் தொகுதியில். இருவரும் சென்னை போய்விட்டால் இங்கே கதவு மூடியிருக்கும். மக்கள் மனதில் அந்த மூடிய கதவுதான் நிற்கும்.

காலை ஏழு மணிக்கு ஒரு தொலைபேசி: இன்று எந்தத் துறை, நம் வினா உண்டா, கையில் குறிப்பு இருக்கிறதா. மாலை ஒரு தொலைபேசி: என்ன பதில், யாருக்குத் தெரிவிக்க வேண்டும். இடையில் உறுப்பினரை அழைக்க வேண்டாம், உயிர் சம்பந்தப்பட்ட அவசரம் தவிர. சனி, ஞாயிறு அவர் தொகுதிக்கு வரும்போது வாரத்தின் மனுக்கள் பிரித்து, கையெழுத்துக்குத் தயாராக இருக்க வேண்டும்.

10. பதில் வந்தபின் செய்ய வேண்டியவை

இங்கேதான் பெரும்பாலான அலுவலகங்கள் நின்றுவிடுகின்றன. அவையில் பேசிய காணொளியை ஊர்க் குழுக்களில் பகிர்ந்ததும் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். ஊருக்கு அன்றுதான் எதிர்பார்ப்பு தொடங்குகிறது.

முதலில், அமைச்சரின் பதிலைச் சொல்லுக்குச் சொல் எழுதி வையுங்கள். "கட்டித்தரப்படும்" என்பது வேறு, "பரிசீலிக்கப்படும்" என்பது வேறு, "ஆய்வு செய்யப்படும்" என்பது வேறு. ஊர்க்காரர்களிடம் சொல்லும்போதும் அதே சொல்லைச் சொல்லுங்கள். பரிசீலனையைப் பாலமாக மாற்றிச் சொன்னால் அடுத்த மழையில் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

அமைச்சர் அவையில் தரும் உறுதிமொழியைக் கண்காணிக்கப் பேரவையிலேயே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. உறுதிமொழி நிறைவேறாவிட்டால் அந்தக் குழுவுக்குத் தேதியோடு எழுதலாம், குழு மாவட்டத்துக்கு ஆய்வுக்கு வரும்போது நேரிலும் சொல்லலாம். அதற்குத்தான் சொல்லுக்குச் சொல் எழுதச் சொன்னேன்.

அடுத்து கீழே இறங்கி வாருங்கள். மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று ஐந்து படிகள். ஒவ்வொன்றிலும் கோப்பு தூங்கலாம். மாதம் ஒரு முறை எந்தப் படியில் இருக்கிறது என்று கேட்டுப் பதிவேட்டில் தேதி போடுங்கள். கேட்கும்போது மரியாதையாகக் கேளுங்கள். அந்தப் பிரிவு எழுத்தர் மேசையில் நம்மைப்போல் ஐம்பது பேருடைய கோப்பு இருக்கும், முகம் சுளிக்காமல் பேசுபவருக்கு அவரும் உண்மையைச் சொல்வார்.

கடைசியாக, மனுதாரருக்கு எழுத்தில் பதில். என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது, கோப்பு எண் என்ன, இப்போது எங்கே இருக்கிறது என்று நாலு வரி. கிடைக்கவில்லை என்றாலும் எழுத வேண்டும். ஊரில் இருவருக்காவது நகல் போகட்டும், ஒருவர் வேலைக்கு வெளியூர் போனாலும் இன்னொருவரிடம் இருக்கும்.

பணி ஆணை வராமல் கூட்டத்தொடர் முடிந்துவிட்டால் அந்தக் கோப்பைக் கட்டிப் பரணில் போடாதீர்கள். மேசையிலேயே தனித் தட்டில் வையுங்கள். அக்டோபர் பிறந்ததும் ஆற்றங்கரை ஊருக்கு ஒரு தொலைபேசி செய்து, பாலத்துத் தூணில் தண்ணீர் ஏறும் மட்டத்தைச் சுண்ணாம்பால் குறித்து, தேதியோடு படம் எடுக்கச் சொல்லுங்கள்.